முயலுக்கு விட்ட தண்ணீர் முறை

பொங்கலுக்குச் சில நாள் முன்பு குன்றத்தூரிலிருந்து அத்தை வந்தாள். எங்கள் வீட்டு டிவியையும் அதன் கீழே இருந்த கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"மெஷினு ஒண்ணு தான். ஆளு தான் வேற."

அம்மா காபி தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அம்மாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தால் அவள் கையிலிருந்து எதுவும் சிந்தாது.

அத்தை அப்பாவின் அக்கா. அவளுடைய கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். அந்த வருஷம் விடுமுறைக்கு வந்தபோது ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். நோட்டுப் புத்தகம் அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள், டிவிக்கு ஒரு ஒயர், டேப் ரிக்கார்டருக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். ஒன்று அவர் வீட்டுக்கு. இன்னொன்று எனக்கு. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, படப்பைப் பக்கம் டிரான்ஸ்பார்மர் சுற்றும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். "புள்ள படிச்ச படிப்புக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று மாமா சொன்னார். நான் அதில் ப்ரோக்ராம் எழுதிப் பழகுவேன் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

இரண்டோடும் ஒரே மாதிரி ஒரு கேசட் வந்திருந்தது. அதில் ஒரு விளையாட்டு. வேலி போட்ட ஒரு காய்கறித் தோட்டம், கேரட்டும் முட்டைக்கோஸும் வரிசையாக இருக்கும். ஒரு முயல் உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகத் தின்ன வேண்டும். ஒரு நாய் காவல். நாய் பிடித்தால் முயல் போச்சு. மொத்தம் மூன்று முயல். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது, தின்றதற்கு ஏற்ப மேலே புள்ளிகள் நிற்கும்.

நான் வேலைக்குப் போன பகல் நேரங்களில் அம்மா இதைத் தூசி தட்டியிருக்கிறாள். தூசி தட்டும்போது ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறாள். முயல் நகர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் தூசியே படிந்ததில்லை.

அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அதனால் தேவையான நான்கு பொத்தான்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டாள். மேலே போக சிவப்பு, கீழே இறங்க கறுப்பு, இந்தப் பக்கம் மெரூன், அந்தப் பக்கம் பச்சை. பச்சைப் பொட்டு தீர்ந்துபோனால் மறுநாள் நான் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் தேடி வாங்கி வர வேண்டும். புடவைக்குப் பொருத்தமாக என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அத்தையிடம் எதிலும் ஜெயித்ததில்லை. முறுக்குச் சுற்றினால் அத்தையுடையதுதான் வட்டம். குன்றத்தூர் மலைப்படியை நிற்காமல் ஏறுவது அத்தைதான். சீமந்தமோ மஞ்சள் நீராட்டோ, கோலம் போட்டால் ஊரே அத்தை கோலத்தைச் சுற்றி நடக்கும், அம்மா கோலத்தை மிதித்துக்கொண்டு போகும். அம்மா ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லை. "அண்ணிக்குக் கை ராசி" என்பாள். ஆனால் முயல் ஆட்டத்தில் அம்மாவுக்குத் தன் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னால் அத்தையைத் தாண்ட முடியும் என்று அவள் நம்பினாள்.

மெஷின்தான் விடவில்லை. அத்தை குன்றத்தூரில் ஏழாயிரம் எடுத்திருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டாயிரத்தைத் தாண்டும்போதே திரை வெளுத்து, எல்லாம் அழிந்து, கம்ப்யூட்டர் புதிதாகப் பிறந்த மாதிரி நிற்கும். மறுபடி கேசட்டை ஓடவிட்டு ஆட்டத்தை ஏற்ற வேண்டும். "கரென்ட்டு சரியில்ல அண்ணி" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அதற்குத்தான் அத்தை, ஆள்தான் வேறு என்றாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"காணும் பொங்கலுக்கு வரேன். உன் வூட்லயே ஆடுவோம், உன் மெஷின்லயே. அப்போ நீ இன்னா சொல்லுவேன்னு பாக்கறேன்."

அத்தை தெருமுனை திரும்பும் வரை அம்மா வாசலில் சிரித்த முகமாக நின்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது. அன்னிக்கு அது நடுவுல நிக்கக் கூடாது. இதுக்குக்கூட ஆவலன்னா நீ படிச்ச படிப்பு இன்னாத்துக்கு?"

எனக்கு எதையும் எழுதி வரிசைப்படுத்தினால்தான் கை ஓடும். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்: டேப், சூடு, கரென்ட், படம். சுவரில் ஒட்டினேன். மாலையில் பார்த்தால் அப்பா பென்சிலால் ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருந்தார்: "சமையல்."

டேப் சுலபம். ரிக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், பக்கத்திலிருக்கும் குட்டித் திருகாணியை மெல்லத் திருப்பினேன். ஆட்டம் ஏறும்போது கேசட் ஒரு கீச்சுச் சத்தம் போடும். எங்கள் ஆடு அதைக் கேட்டால் கயிற்றை அறுக்கப் பார்க்கும். திருகாணி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நான் மீட்டரை எடுப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள்: "அங்கியே நிறுத்து. இப்பத்தான் சத்தம் சுத்தமா கீது." சரியாகத்தான் இருந்தது. பால் பொங்குவதை மூன்றாவது வீட்டிலிருந்து கேட்கிற காது அது என்று அப்போது நினைத்தேனே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை.

சூட்டுக்குக் கம்பெனியிலிருந்து அலுமினியத் தகட்டுத் துண்டு கொண்டுவந்து உள்ளே பொருத்தினேன். அப்போதும் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதித்தது. கீழே காற்றுப் போக வேண்டும். பலகை, செங்கல், துணிக் கிளிப் எல்லாம் வைத்துப் பார்த்த பிறகு இட்லித் தட்டு கண்ணில் பட்டது. அலுமினியம், நிறைய ஓட்டை, நடுவில் குழிகள். அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்தால் அசையாமல் உட்கார்ந்தது, சூடும் தணிந்தது. இதைவிட நல்ல தாங்கியை எந்தக் கம்பெனியும் செய்ய முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்றிலிருந்து வீட்டில் இட்லி நின்றது. அப்பா காலண்டர் தாளில் "சமையல்" என்பதன் கீழே அடிக்கோடு போட்டார்.

கரென்ட்தான் பெரிய வேலை. நாற்று நட்டு நவரைப் பயிர் எழும்புகிற சமயம். கிணற்று மோட்டார்கள் ஓடும்போது எங்கள் தெருவுக்கு வருவது கரென்டின் நிழல்தான். ஸ்டெபிலைசர் ஒன்று மாட்டிப் பார்த்தேன். அது ஒரு நாள் முழுக்க டக்டக்கென்று அடித்துக்கொண்டு, மறுநாள் மௌனவிரதம் எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டரைக் கரென்டிலிருந்தே பிரித்துவிடுவதுதான் வழி. அதற்கு ஒரு பெரிய பேட்டரி வேண்டும்.

பக்கத்து வீட்டில் அப்பாவின் பங்காளி, எங்களுக்குப் பெரியப்பா முறை, டிராக்டர் வைத்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கினு போ" என்றார். "காணும் பொங்கலுக்கு மணிமங்கலம் கோயிலுக்கு இஸ்துகினு போ, செம்பரம்பாக்கம் ஏரி காட்டுன்னு உங்க பெரியம்மா ட்ரெய்லர் நெறைய ஆளச் சேத்துகினு கீறா. பேட்டரி இல்லன்னா வண்டி எப்படி ஓடும்?"

டிராக்டர் பேட்டரியின் வோல்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைக்க ஒரு சின்ன சர்க்யூட் செய்தேன். கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மிச்சம் இருந்தது படம். டிவி மட்டும் வீட்டுக் கரென்டில்தான் ஓட வேண்டும். மோட்டார் ஓடினால் படம் நாலா பக்கமும் சுருங்கி, நடுவில் தபால் அட்டை அளவுக்கு மங்கலாக நிற்கும். அதை வைத்துக்கொண்டு அத்தையோடு மோத முடியாது என்று நான் முடிவு செய்தேன். அம்மாவிடம் நான் கேட்கவில்லை. மோட்டார்கள் நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்த்துக்கொள்ள ஒரு நீர்க்கட்டி உண்டு. அந்த வருஷம் ஏரித் தண்ணீர் மதகுக்கு எட்டவில்லை. கிணறுகள்தான். எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடினால் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விடும் என்பதால், ஒரு நேரத்தில் இரண்டு மோட்டார்தான் என்று முறை வைத்து, அதையும் நீர்க்கட்டியிடமே விட்டிருந்தார்கள். எங்கள் மோட்டாருக்கும் பெரியப்பா மோட்டாருக்கும் ஒரே முறை. நான் போய் நீர்க்கட்டியை ஏரிக்கரையில் பிடித்தேன்.

"அண்ணே, காணும் பொங்கலன்னைக்கு மத்தியானம் எங்க முறை வருது. அன்னைக்கு நாங்களும் மோட்டார் போடல, பெரியப்பாவும் போடல. எங்க முறை முடியிற வரைக்கும் வேற யாரும் போடாமப் பாத்துக்கணும்."

"யாரும் போடாததுக்கு இன்னாத்துக்கும்மா மொறை?"

"கரென்ட் முழுசா எங்க வீட்டுக்கு வரணும். கம்ப்யூட்டருக்கு."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். "அது எத்தினி சென்ட்டு?"

"சென்ட் இல்லண்ணே. டிவி இருபது இஞ்ச்."

"இருபது இஞ்சுக்கு ரெண்டு மோட்டார நிறுத்தறதா! சரி, இன்னா வெளையும்?"

யோசித்தேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஏழாயிரம் வரைக்கும் எடுக்கலாம்."

"மூட்டையா?"

"பாயின்ட்."

மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். "உங்கப்பாருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மொறைன்னு எடுத்தா பாக்க வருவாங்க. அது வழக்கம். அப்பால கதவ சாத்தக் கூடாது."

முறை எடுத்தவர் வயலில் தண்ணீர் உண்மையாகவே பாய்கிறதா என்று மற்ற முறைக்காரர்கள் வந்து பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். யாரோ ஒரு காலத்தில் முறையை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. "வரட்டும்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். பட்டியலில் "படம்" என்பதை அடித்தேன்.

காணும் பொங்கல் வந்தது. அத்தை பட்டுப் புடவையில் வந்தாள். இலையில் பொங்கல், வடை, உப்புமா.

"இட்லி இல்லியா?" என்றாள் அத்தை.

"தட்டு வேலையா கீது அண்ணி" என்றாள் அம்மா.

அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்ற நிலையில் அப்பா செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். "நாத்து எப்படிக் கீதுன்னு பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினார். நாற்று பிடுங்கி நட்டு வெகு நாளாயிற்று.

மத்தியானம் மோட்டார்கள் நின்றன. டிவியில் படம் சுருக்கம் விரிந்து நாலு மூலையையும் தொட்டது. இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தெளிவாக அந்தத் தோட்டத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா திரையை உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, இதுக்குக் காது கீது."

"முயலும்மா. முயலுக்குக் காது இருக்காதா?"

"நீ மொயலுன்னு சொல்லுவே. நான் எலின்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

அத்தை இதைக் கேட்டு மெல்லச் சிரித்தாள். "நீ மொதல்ல ஆடும்மா. வூட்டுக்காரி இல்ல?"

அம்மா இட்லித் தட்டின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பொட்டுகளின்மேல் விரல் வைத்தாள். முயல் வேலி தாண்டியது. அதே நேரம் வாசலில் செருப்புகள் கழன்றன. நீர்க்கட்டி, பெரியப்பா, மற்ற கிணற்றுக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் முறை பார்க்க வந்துவிட்டார்கள். டிராக்டர் ஓடாததால் ட்ரெய்லர் ஜனமும் கூடவே வந்திருந்தது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

"யாரு தோட்டம்மா இது?" என்றார் நீர்க்கட்டி.

"அதெல்லாம் இல்லண்ணே, சும்மா விளையாட்டு."

"அந்த மொயலு இன்னா பண்ணுது?"

"கேரட்டைத் தின்னுது. தின்னாதான் பாயின்ட்."

எல்லோரும் திரைக்குக் கிட்டே நகர்ந்தார்கள். பிறகு பெரியப்பா கேட்டார். "அப்போ மொயலு தான் நம்ம ஆளா?"

"ஆமா பெரியப்பா."

"பயிர மேயறது நம்ம ஆளு, காவக் காக்கறது எதிரியா? இதுக்கா நான் மோட்டார நிறுத்துனேன்?"

"வேலி கட்டனவன் எங்க கீறான்?" என்று ஒருவர் கேட்டார்.

"நாய வுட்டுட்டுத் தூங்கறான் போல. அது பாவம் ஒண்டியாத் துரத்திகினு கீது."

"டேய், அந்தப் பக்கம் பாருடா, கோஸுகிட்ட பூந்துடுச்சி!"

"புடி! புடி! வுடாத!"

வருஷம் முழுக்கப் பன்றியையும் ஆட்டையும் வயலிலிருந்து விரட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் முயல் பக்கம் சேரச் சொல்ல என்னால் முடியாது. கூடம் முழுவதும் நாய்க்கு உற்சாகம் கொடுத்தது. நாய் முதல் முயலைப் பிடித்தபோது கைதட்டல் எழுந்தது. பெரியம்மா திருப்தியாக மூச்சு விட்டாள்.

அம்மாவின் நெற்றி வியர்த்திருந்தது. "கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன்" என்றாள். யார் காதிலும் விழவில்லை. நாய் எதிரிலேயே வருகிறது, கையகலத்துக்குத் தெரிகிறது, அம்மா நேராக அதன் வாயில் போய் விழுகிறாள். இரண்டாவது முயலும் போயிற்று. புள்ளிகள் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

"கரென்ட்டு நல்லாத் தான் கீது" என்றாள் அத்தை, யாரிடமோ சொல்வதுபோல. "படமும் பளிச்சுன்னு கீது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் டேப்பைச் சரி செய்திருந்தேன், சூட்டைத் தணித்திருந்தேன், பேட்டரி கொண்டுவந்திருந்தேன், ஊர் மோட்டாரையே நிறுத்தியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதனால்தான் அம்மா தோற்றால் இந்தத் தடவை சொல்வதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

மூன்றாவது முயல் வேலியருகே நின்றது. நீர்க்கட்டி வாசலுக்குப் போய் வேப்பமர நிழலைப் பார்த்தார்.

"மொறை முடிஞ்சிது!"

முறை முடிந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடுத்த முறைக்காரர்கள் மோட்டாருக்கு ஓடினார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் மடை திருப்ப ஓடினார்கள், மிச்சம் இருந்த ட்ரெய்லர் ஜனம் தெருவுக்குப் போயிற்று. "நாயி கீது, பயமில்ல" என்று எங்கள் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுப் பெரியப்பாவும் போனார். கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

படம் சுருங்க ஆரம்பித்தது. தபால் அட்டை அளவுக்கு வந்து, மங்கி நின்றது.

"அவ்ளோதான். இப்போ நின்னுடும்" என்றாள் அத்தை.

நிற்கவில்லை. பேட்டரி இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு, கொசு அளவு சத்தம் வரும். நாய் ஓர் அடி வைத்தால் ஒரு டிக். எதிர்ப்பக்கம் திரும்பினால் அதே டிக் கொஞ்சம் தடிமனாக வரும். கிட்டே வந்தால் வேகம் கூடும்.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, அடுப்பில் எதையோ வைத்துவிட்டுக் காது கொடுக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் பொட்டுகளின்மேல் போய் வந்தன. சிவப்பு, பச்சை, பச்சை, கறுப்பு. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவளுக்கு எத்தனையாவது வரிசையில் நிற்கிறோம் என்று பார்க்கத் தேவையில்லை. சரியாகத் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் அம்மா எப்படி ஆடினாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் பார்த்து ஆடவே இல்லை.

தோட்டம் காலியாகி அடுத்த தோட்டம் வந்தது, அதுவும் காலியாயிற்று. புள்ளிகளைப் படிக்க நான் திரைக்கு மூக்கைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மறுபக்கத்திலிருந்து அத்தையின் மூக்கும் வந்தது. ஏழாயிரத்தை இருவரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். அத்தை மூக்கை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேலும் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் முயல் பிடிபட்டது.

அடுத்தது அத்தை. "இன்னா படம் இது, தீப்பெட்டி மேல ஒட்டன மாதிரி" என்றாள். "நாயி எது, மொயலு எது? இங்க ஏண்டி பொட்டு ஒட்டி கீது, நான் எத அமுக்கறது? மோட்டார நிறுத்தச் சொல்லேன். இதுல மனுஷி ஆடுவாளா?" பேசிக்கொண்டே ஆடினாள். பேசிக்கொண்டே மூன்று முயலையும் கொடுத்தாள். முதல் தோட்டம்கூடத் தாண்டவில்லை.

அம்மா இப்போது சொல்லுவாள், மெஷின் ஒன்றுதான், ஆள்தான் வேறு என்று திருப்பிக் கொடுப்பாள் என்று நான் காத்திருந்தேன். அம்மா எழுந்து காபி கொண்டுவந்தாள்.

"கரென்ட்டு தான் அண்ணி" என்றாள் மிகவும் அன்பாக. "உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தை வாங்கியபோது காபி புடவையில் சிந்தியது.

மாசி மாதம் அத்தை மறுபடி வந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தை என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. எங்க வூட்டு டிவியில படம் ரொம்பப் பெருசா கீதுடி. பெருசா கீறதால கண்ணு நாலா பக்கமும் அலையுது. உங்க வூட்ல மாதிரி சின்னதா ஆக்கறதுக்கு ஒரு பொட்டி பண்ணிக் குடேன். நீ தான் டிரான்ஸ்பார்மரு சுத்தறியே."

படத்தைப் பெரிதாக்க நான் பட்ட பாடெல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. பார்க்கிறேன் அத்தை என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். உள்ளே நுழையும்போது அம்மா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு மாட்டுக் கொட்டகை.

"பண்ணிக் குடு" என்றாள் திரும்பாமலே. "நல்லதா பண்ணு, நல்லா சுருங்கணும். அண்ணி ஆசப்பட்டுக் கேக்கறாங்க."

"சரிம்மா."

"சத்தத்தப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத."